மூணாம் தலைமுறை ஊசி போட்டும் பொன்னிக்குப் புண் அடங்கலை: செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பொன்னி அம்மா, பெரம்பூர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க பொன்னி தெருவுல இருந்து தூக்கிட்டு வந்து வளர்த்த நாட்டு நாய். நாலு வயசு, 22 கிலோ. போன வருஷம் ஐப்பசி மழையில ஆரம்பிச்சுது. வயித்துலயும் தொடை இடுக்குலயும் சின்னச் சின்னதா சீழ்க்கொப்புளம். ரெண்டு நாள்ல உடைஞ்சு, ஓரம் செதில் செதிலா உரிஞ்சு, நடுவுல முடி கொட்டி வட்டம் வட்டமா நிக்கும். ராத்திரி பூரா நக்கிக்கிட்டே இருப்பா.

முதல்ல மருந்துக்கடையில கேட்டு செஃபலெக்சின் 250 மி.கி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள் கொடுத்தேன். காஞ்சுது, நிறுத்திட்டேன். ஒரு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. இப்படியே நாலு தடவை. அப்புறம் ஒரு கிளினிக்ல செஃப்போடாக்சிம் எழுதினாங்க, பத்து நாள். பாதிதான் ஆறிச்சு. போன மாசம் வீட்டுக்கே வந்து ஊசி போடுற ஒருத்தர், "மாத்திரையெல்லாம் பழசும்மா, மூணாம் தலைமுறை போட்டுடலாம்"னு சொல்லி செஃப்ட்ரையாக்சோன் தினம் ஒரு ஊசி, அஞ்சு நாள் போட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் அவ கத்தினது இன்னும் காதுலயே இருக்கு. இப்ப முதுகுலயும் புண் வந்திருக்கு.

நாலாம் தலைமுறைன்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போடலாமா? எங்க கிடைக்கும்?

குமரன், ராயபுரம் | ஞாயிறு, இரவு 10.05

எங்க வீட்டு லேப்ரடார் நாய்க்கு செஃப்ட்ரையாக்சோன்தான் கேட்டுச்சு அக்கா. மூணே நாள்ல எழுந்து ஓடுனான். டோஸ் பத்தலையோ என்னவோ, ஏத்திப் போடச் சொல்லுங்க.

வேப்பேரி பழைய மாணவர் | ஞாயிறு, இரவு 11.30

பொன்னி அம்மா, நாலாம் தலைமுறை வேண்டாம். மூணாவதே இதுக்குத் தேவைப்பட்டிருக்காது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சுட்டு வடசென்னையில நாய், பூனை பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க சொன்ன இதே கதையை மழைக்காலம் வந்தா வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் சொல்றாங்க.

"தலைமுறை"ங்கிற வார்த்தைதான் ஆளைக் குழப்புது. புதுசு வந்தா பழசை விட உசத்தின்னு நினைச்சுக்கிறோம். நீங்க கொடுத்த மூணு மருந்துமே செஃபலோஸ்போரின் குடும்பம்தான், அதுல அப்படி இல்ல. நாய்த் தோல்ல சீழ் வைக்கிறது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்ங்கிற கிருமி. அதுமேல நல்லா வேலை செய்யுறது முதல் தலைமுறைதான்: செஃபலெக்சின், செஃபட்ராக்சில், ஊசியில செஃபசோலின். மூணாம் தலைமுறையில செஃப்ட்ரையாக்சோன் மாதிரி மருந்தை உருவாக்கினது ஈ.கோலை, சால்மொனெல்லா மாதிரியான குடல் கிருமிகளை அடிக்க. அந்தப் பக்கம் பலம் கூடும்போது ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. அதனால தோல் புண்ணுக்கு செஃபலெக்சினை விட்டுட்டு செஃப்ட்ரையாக்சோனுக்குப் போறதை ஒரு படி மேல ஏறினதா எடுத்துக்கக் கூடாது. பாதையே வேற.

அடுத்தது டோஸ். குமரன் தம்பி, சரியான அளவுக்கு மேல ஏத்திப் போடுறது இந்த மருந்துக்கு உதவாது. பாக்டீரியா தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கிட்டுதான் உயிர் வாழுது. செஃபலோஸ்போரின் என்ன பண்ணுதுன்னா, அந்தச் சுவர் கட்டுற கொத்தனாரோட கையைப் பிடிச்சுக்குது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம்ங்கிறதை விட, எவ்வளவு நேரம் விடாம பிடிச்சிருக்கோம்ங்கிறதுதான் கணக்கு. காலையில ரெண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தாலும் ராத்திரி விட்டுட்டா ராத்திரியெல்லாம் கொத்தனார் வேலை பார்ப்பார்.

மனுஷங்க உடம்புல செஃப்ட்ரையாக்சோன் பாதியாக் குறைய சுமார் 8 மணி நேரம் ஆகும். அதனாலதான் நமக்கு ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதுது. நாய்க்கு அது ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துலயே பாதியாயிடும். பொன்னிக்கு தினம் ஒரு ஊசின்னா, ஒரு நாள்ல பெரும்பகுதி நேரம் அவ உடம்புல வேலை செய்யுற அளவு மருந்தே இல்ல.

செஃபலெக்சின் கணக்கையும் பாருங்க. ஒரு கிலோவுக்கு 22 மி.கி.ன்னா 22 கிலோவுக்கு கிட்டத்தட்ட 500 மி.கி., ரெண்டு வேளை. நீங்க கொடுத்தது அதுல பாதி. அஞ்சு நாள்ல மேல காஞ்சிருக்கும், அடியில அப்படியே இருந்திருக்கும். பாதி அளவுல தப்பிச்ச கிருமிதான் அடுத்த மாசம் திரும்பி வந்தது. இது உங்க மேல குத்தம் சொல்றதுக்கு இல்லம்மா. மாத்திரையை எடுத்துக் கொடுத்தவங்க நாயோட எடையைக் கேட்டிருக்கணும்.

இப்ப செய்ய வேண்டியது: எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்காதீங்க. உடையாத ஒரு கொப்புளத்துல இருந்து பஞ்சுக்குச்சியில சீழ் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பணும், அதாவது லேப்ல கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிறது. அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் தகட்டை புண்மேல ஒத்தி எடுத்து, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பார்த்தா பத்தே நிமிஷத்துல கிருமி உருண்டையா, குச்சியா, இல்ல ஈஸ்ட்டான்னு தெரிஞ்சிடும். தோலைச் சுரண்டி டெமோடெக்ஸ் பூச்சி இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. உண்ணி, தெள்ளு இருக்கா? அடிக்கடி காதைச் சொறியுறாளா? சீழ் பெரும்பாலும் ரெண்டாவதாத்தான் வரும். அதுக்கு வழி விட்ட முதல் காரணத்தைப் பிடிக்காம எந்தத் தலைமுறையைப் போட்டாலும் திரும்ப வரும்.

குமரன், ராயபுரம் | திங்கள், காலை 7.15

டாக்டர் சார், நீங்க சொல்றது படிக்க நல்லா இருக்கு. ஆனா கல்ச்சருக்கு ஆகுற காசுல ரெண்டு கோர்ஸ் மாத்திரை வாங்கிடலாம். முடிவு வர நாலஞ்சு நாள் ஆகுது. அதுவரைக்கும் அந்த வாயில்லா ஜீவன் சொறிஞ்சுக்கிட்டேதான் இருக்கணுமா?

வேப்பேரி பழைய மாணவர் | திங்கள், காலை 8.00

நியாயமான கேள்வி. முதல் தடவை வர்ற சாதாரணச் சீழுக்கு நானே கல்ச்சர் எழுத மாட்டேன். பொன்னிக்கு இது ஆறாவது மருந்துச் சுற்று. அந்த ஆறுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பாருங்க. அதோட காத்திருக்கிற அந்த அஞ்சு நாளும் சும்மா இருக்கச் சொல்லலை. குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டலாம். வயிறு, இடுக்குன்னு நல்லா நுரைக்கத் தேய்ச்சு, கடிகாரத்தைப் பார்த்து பத்து நிமிஷம் ஊற விடணும். உடனே தண்ணி ஊத்திட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் மடிப்பெல்லாம் ஈரம் போகத் துடைக்கணும். மேல்தோல்ல மட்டும் நிக்கிற சீழுக்கு மாத்திரையே இல்லாம இது ஒண்ணே போதும்னுதான் தோல் மருத்துவர்கள் இப்ப முதல்ல சொல்றாங்க.

மருந்துக்கடைக்காரர், வியாசர்பாடி | திங்கள், மதியம் 2.20

டாக்டர் சொன்னது என்னைக் குத்துது, குத்த வேண்டியதுதான். கடை வெச்சுப் பல வருஷமாச்சு. "நாய்க்குப் புண்ணு, ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டா நானும் எடுத்துக் கொடுத்தவன்தான், எடையெல்லாம் கேட்டதில்ல. செஃபலெக்சினும் சீட்டில்லாமக் கொடுக்கக் கூடாத மருந்துதான், பட்டையில சிவப்புக் கோடு இருக்கு. செஃப்ட்ரையாக்சோன், செஃபிக்ஸிம், செஃப்போடாக்சிம் எல்லாம் 2014 மார்ச்சுல இருந்து ஹெச்1 அட்டவணை. யார் எழுதினது, யாருக்கு, எத்தனைன்னு தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். நோயாளின்னு போட்ட கட்டத்துல "ஜிம்மி"ன்னு எழுதினாலும் சரி, டாக்டர் சீட்டு இல்லாம அந்தப் பக்கத்துல வரியே ஏறக் கூடாது. இப்ப என் கடையில ஏறுறதில்ல. பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்னு சிலர் கோவிச்சுக்கிட்டுப் போறாங்க, போகட்டும்.

புழல் பால்காரர் | திங்கள், இரவு 8.45

நாய் பத்திப் பேசுற இடத்துல மாட்டைக் கொண்டு வர்றேன், மன்னிக்கணும். ஏழு ஜெர்சி கலப்பு மாடு வெச்சிருக்கேன், வீடு வீடா ஊத்துறேன். மடிநோய் வந்தா எங்க பக்கம் எல்லாரும் போடுறது செஃப்ட்ரையாக்சோன்தான்.

போன தை மாசம் நடந்ததைச் சொல்றேன். ஒரு மாட்டுக்கு வலது பின்காம்பு கல்லு மாதிரி ஆயிடுச்சு, பால்ல திரி திரியா வந்துச்சு. மூணு நாள் ஊசி போட்டோம். திரி நின்னுச்சு, நாலாவது நாளே அந்தப் பாலைக் கேன்ல சேர்த்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு லைன்ல இருக்கிற ஒரு பாட்டி பாத்திரத்தோட வாசல்ல வந்து நின்னாங்க. "ராத்திரி உறை ஊத்தினேன், காலையில பாரு"ன்னாங்க. பால் பாலாவே இருந்துச்சு, ஒரு ஓரத்துல கூடக் கட்டியாகலை. அதே உறை மோரைப் பாக்கெட் பால்ல ஊத்தினா கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. பாட்டி என்னைத் திட்டல. "என்னப்பா மாட்டுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னுதான் கேட்டாங்க. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். செஃபலோஸ்போரின் ஊசிக்குப் பாலை நிறுத்தவே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னார், அது உண்மையா? பாலைக் காய்ச்சினா மருந்து போயிடாதா?

வேப்பேரி பழைய மாணவர் | திங்கள், இரவு 10.10

அண்ணே, இதை நீங்க வெளிய சொன்னதுக்கே முதல்ல நன்றி.

பாட்டி கண்டுபிடிச்சது சரிதான். தயிரை உறைய வைக்கிறதும் பாக்டீரியாதான். பால்ல மருந்து இருந்தா அதுக்கும் சுவர் கட்ட முடியாது. ஒரு விஷயம் மட்டும் நினைவுல வெச்சுக்கோங்க: குளிர்ல, பழைய உறை மோர்ல கூட தயிர் உறையாம போகும். அதே மாதிரி, உறைஞ்சுட்டா பால்ல மருந்தே இல்லைன்னும் அர்த்தமில்ல. கொஞ்சமா இருந்தா உறையவும் செய்யும். காய்ச்சினா முழுசாப் போகாது.

பாலை நிறுத்த வேண்டாம்னு சொன்னது செஃப்டியோஃபர்ங்கிற வேற மருந்துக்கு. அது கால்நடைக்குன்னே செஞ்ச மூணாம் தலைமுறை மருந்து, 1988ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. லேபிள்ல சொன்ன அளவுல ஊசியாப் போட்டா பாலுக்குள்ள வர்றது ரொம்பக் குறைவு. அதனால அங்க பாலுக்குக் காத்திருக்கும் நாள் பூஜ்யம்னு வெச்சாங்க. பேர் "செஃப்"னு ஆரம்பிக்குதேன்னு அதை செஃப்ட்ரையாக்சோனுக்கோ, காம்புக்குள்ள ஏத்துற டியூபுக்கோ பொருத்தக் கூடாது. நம்ம நாட்டுல 2012ல வந்த விதிப்படி, கறவை மாட்டு மருந்து லேபிள்ல எத்தனை நாள் நிறுத்தணும்னு போட்டிருக்கணும். போடலைன்னா பாலுக்குக் குறைஞ்சது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். நீங்க விட்டது மூணு நாள் கூட இல்ல.

ஏழு நாள் பாலைக் கீழ ஊத்துறதுன்னா ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஊசிக்கு முன்னாடி யோசிக்கணும்னு சொல்றேன். லேசான மடிநோய் எல்லாத்துக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம். ஈ.கோலை மாதிரி கிருமியால வர்ற லேசான மடிநோய்ல நிறைய, அந்தக் காம்பை அடிக்கடி சுத்தமாக் கறந்து விட்டாலே மாடு தானா சமாளிச்சுக்கும். மாட்டுக்குக் காய்ச்சல், தீனி எடுக்கலை, மடி சூடா வலிக்குதுன்னா தாமதிக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. ஊசிக்கு முன்னாடி சுத்தமான குப்பியில அந்தக் காம்புப் பாலைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சா பின்னாடி பரிசோதனைக்கு ஆகும்.

அதோட, கறந்து முடிச்சதும் அரை மணி நேரம் மாட்டைப் படுக்க விடாதீங்க. காம்புத் துவாரம் அப்பத் திறந்தே இருக்கும், சாணி ஈரத்துல படுத்தா நேரா உள்ள போகும். கறந்த உடனே தீவனத்தை முன்னாடி போட்டா தானா நிக்கும்.

புழல் பால்காரர் | திங்கள், இரவு 10.40

ரொம்ப நன்றிங்க டாக்டர். இன்னொண்ணு. போன வருஷம் கன்னு போட்ட மாடு ஒண்ணு விழுந்துடுச்சு. வந்தவர் கால்சியம் பாட்டில்லயே செஃப்ட்ரையாக்சோனையும் கலந்தார். பாட்டில் வெள்ளையாக் கலங்கிச்சு. "ஒண்ணும் ஆகாது"ன்னுட்டு ஏத்திட்டார். மாடு பிழைச்சுது. அது தப்பா?

வேப்பேரி பழைய மாணவர் | திங்கள், இரவு 10.55

பெரிய தப்பு. செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்ந்தா கரையாத உப்பாகித் துகள் துகளாப் படியும். நீங்க பார்த்த வெள்ளை அதுதான். ரத்தத்துல ஏறினா நுரையீரல்ல போய் அடைக்கலாம். ரிங்கர் லாக்டேட் பாட்டில்லயும் கால்சியம் இருக்கு, அதுலயும் கலக்கக் கூடாது. இனிமே பாட்டில் கலங்கினா டியூபைக் கழட்டச் சொல்லுங்க, யார் போட்டாலும் சரி.

ரகு, திருவான்மியூர் | செவ்வாய், காலை 6.30

வேதியியல் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மருந்து எங்கிருந்து கிளம்பியதுன்னு சொல்ல ஆசை. 1945ல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியரி ஊரில், ஜுசெப்பே ப்ரோட்சு என்ற மருத்துவர் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். நம்ம ஊரில் நேப்பியர் பாலத்துக்குக் கீழே கூவம் கடலில் சேருகிறதே, அப்படி ஒரு இடம். அந்தத் தண்ணீரில் இருந்த ஒரு பூஞ்சை டைபாய்டு கிருமியைக் கூட வளரவிடாமல் தடுத்தது. 1948ல் எழுதி வெளியிட்டார். மாதிரி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், அங்கே நியூட்டனும் ஆபிரகாமும் 1950களில் செஃபலோஸ்போரின் சி-யைப் பிரித்தெடுத்தார்கள். முதல் மருந்து கடைக்கு வந்தது 1964ல். சாக்கடை வாயிலில் கிடைத்த வரம். இன்றைக்கு அதை எதிர்க்கக் கற்ற கிருமிகளும் சாக்கடை வழியாகத்தான் ஊர் சுற்றுகின்றன.

செவிலியர், கொளத்தூர் | செவ்வாய், இரவு 11.15

நைட் டியூட்டி இடைவேளையில எழுதுறேன். மனுஷங்க பக்கத்துல என்ன நடக்குதுன்னு நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வயசானவங்க சிறுநீர்த் தொற்றோட வருவாங்க. கல்ச்சர் தாள் வரும், செஃப்ட்ரையாக்சோன், செஃபிக்ஸிம் எல்லாத்துக்கும் நேரா "ஆர்"னு, அதாவது கிருமி எதிர்க்குதுன்னு இருக்கும். அந்த ஈ.கோலை மருந்தோட மூலக்கூறுல இருக்கிற வளையத்தையே உடைக்கிற நொதியை உண்டாக்கக் கத்துக்கிட்டது. அப்ப கடைசிக் கட்டத்துக்குன்னு வெச்சிருக்கிற மெரோபெனம்தான் கையில இருக்கும். அதையும் உடைக்கிற என்.டி.எம்.-1ங்கிற நொதி பத்தி 2010ல வந்த ஆய்வுல நம்ம சென்னை மாதிரிகளும் இருந்துச்சு. 2012 ஆகஸ்ட்டுல இதைத் தடுக்க வழி சொல்லி டாக்டர்கள் போட்ட அறிக்கைக்கே சென்னைப் பிரகடனம்னுதான் பேர். உலக சுகாதார நிறுவனம் மூணாம், நாலாம் தலைமுறை செஃபலோஸ்போரினை மனுஷங்களுக்காகப் பாதுகாக்க வேண்டிய மருந்துகள்ல முதல் வரிசையில வெச்சிருக்கு. என் மாமியாரையே 12 நாள் படுக்க வெச்சு ஊசி போட்டோம். ஆரம்பிச்சது ஒரு சாதாரண சிறுநீர் எரிச்சல்.

குமரன், ராயபுரம் | புதன், காலை 7.40

அக்கா, உங்க மாமியார் இப்ப நல்லா இருக்காங்களா? ஆனா ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கே இவ்வளவு போடும்போது, நாலு நாய்க்கும் பத்து மாட்டுக்கும் நிறுத்தினா மாறிடுமா?

வேப்பேரி பழைய மாணவர் | புதன், மதியம் 1.30

மாறும், மாறினதைப் பார்த்திருக்காங்க தம்பி. கனடாவுல கியூபெக் மாகாணத்துல குஞ்சு பொரிக்கிற முட்டைக்குள்ள செஃப்டியோஃபர் ஏத்துற வழக்கம் இருந்துச்சு. கடைக்கோழிக் கறியிலயும், நோயில விழுந்த மனுஷங்ககிட்டயும் அதை எதிர்க்கிற ஒரே வகை சால்மொனெல்லா கூடிக்கிட்டே போச்சு. 2005ல பண்ணைக்காரங்க தாங்களாவே நிறுத்தினாங்க. ரெண்டு இடத்துலயும் சட்டுனு இறங்கிச்சு. 2007ல கொஞ்சமாத் திரும்ப ஆரம்பிச்சாங்க, திரும்ப ஏறிச்சு. 2012 ஏப்ரல்ல அமெரிக்காவும் மாடு, பன்றி, கோழி, வான்கோழிக்கு லேபிள்ல இல்லாத முறையில செஃபலோஸ்போரின் போடுறதுல பெரும்பகுதியைத் தடை பண்ணிச்சு. நம்ம ஊர்ல 2019ல கறி, பால், முட்டைக்கு வளர்க்கிற கால்நடைக்கு கொலிஸ்டின்ங்கிற கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கைத் தடை பண்ணினதும் இந்தக் கவலையிலதான்.

ஆஸ்பத்திரியில நிறுத்த வேண்டியதை அவங்க நிறுத்தட்டும். என் கையில இருக்கிற சீட்டுல நான் எழுதுறதுக்கு நான்தான் பொறுப்பு.

முயல் வீடு, அம்பத்தூர் | புதன், மாலை 5.10

குறுக்க வர்றேன். எங்க முயலுக்குச் சீழ்க்கட்டி. நாய்க்குக் கொடுத்த செஃபலெக்சின் சிரப் வீட்டுல மிச்சம் இருக்கு, சொட்டுக் கணக்குல கொடுக்கலாமா?

வேப்பேரி பழைய மாணவர் | புதன், மாலை 5.18

கொடுக்காதீங்க! முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் எதுக்கும் இதை வாய் வழியாக் கொடுக்கக் கூடாது. குடல்ல இருக்கிற நல்ல கிருமி அழிஞ்சு, க்ளாஸ்ட்ரிடியம் பெருகி, ரெண்டு மூணு நாள்ல கழிச்சல்லயே செத்துடும். இன்னைக்கே முயல் பார்க்கிற டாக்டர்கிட்டக் கொண்டு போங்க.

முயல் வீடு, அம்பத்தூர் | புதன், மாலை 5.25

நல்ல வேளை கேட்டேன். கிளம்பிட்டோம்.

பொன்னி அம்மா, பெரம்பூர் | அடுத்த செவ்வாய், இரவு 9.00

கல்ச்சர் முடிவு வந்துடுச்சு. செஃபலெக்சின், செஃப்போடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன், அமாக்சிக்ளாவ், ஆக்ஸாசிலின் எல்லாத்துக்கும் எதிர்ப்புன்னு இருக்கு. அமிகாசினும் குளோரம்பெனிகாலும் மட்டும் கேட்கும்னு போட்டிருக்கு. தாளைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டேன். வீட்டுல ஆறு வயசுப் பேத்தி அவளைக் கட்டிப் பிடிச்சுத் தூங்குவா. அவளுக்கு ஒட்டிக்குமா?

வேப்பேரி பழைய மாணவர் | அடுத்த செவ்வாய், இரவு 9.35

அழாதீங்கம்மா. ஆக்ஸாசிலினுக்கு எதிர்ப்புன்னா மெக்-ஏ மரபணு வந்திருக்குன்னு அர்த்தம். முன்ன சொன்ன கொத்தனாரையே மாத்திடுச்சு, புது ஆளோட கையை இந்த மருந்தால பிடிக்க முடியாது. அதனால பொன்னிக்கு இந்தக் குடும்பத்து மருந்தே வேண்டாம், எந்தத் தலைமுறையும். நல்ல விஷயம் என்னன்னா, குளோர்ஹெக்சிடினுக்கு அந்தக் கவலை இல்ல. மாத்திரையை எதிர்க்கிற இந்தக் கிருமியும் ஷாம்பூவுல சாகுது. தாள்ல கேட்கும்னு இருக்கிற ரெண்டையும் உடனே ஆரம்பிச்சுடாதீங்க. அமிகாசின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், குளோரம்பெனிகால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். ஷாம்பூ வாரத்துக்கு மூணு தடவை, மூணு வாரம் பார்ப்போம்.

இந்தக் கிருமி நாய்க்குப் பழகினது, மனுஷங்களுக்கு வர்றது அபூர்வம். புண் ஆறுற வரைக்கும் பாப்பாவைத் தனியாப் படுக்க வைங்க, தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க, முகத்தை நக்க விட வேண்டாம்.

பொன்னி அம்மா, பெரம்பூர் | நாலு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 6.20

டாக்டர், குமரன் தம்பி, எல்லாருக்கும். வாரத்துக்கு மூணு குளியல், ஒண்ணு கூட விடலை. பேத்திதான் அலாரம் வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னு "பாட்டி இன்னும் நாலு நிமிஷம்"னு எண்ணுவா. தோலைச் சுரண்டிப் பார்த்ததுல டெமோடெக்ஸ் இல்ல. வால் அடியில, தெள்ளோட கறுப்புப் பொடி சீப்புல வந்துச்சு. ஈரப் பஞ்சுல வெச்சா சிவப்பாக் கசிஞ்சுது. தெள்ளுக்கு மாசா மாசம் மருந்து, படுக்கைத் துணியெல்லாம் வெந்நீர்ல. வயித்துப் புண் காஞ்சுடுச்சு, முதுகுல முடி குட்டையா முளைக்குது. ஒரு ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலை. ராத்திரி நக்குற சத்தம் கேட்கலை.

மீதி இருந்த செஃப்போடாக்சிம் பட்டையை என்ன பண்றது, குப்பையில போடலாமா?

மருந்துக்கடைக்காரர், வியாசர்பாடி | ஞாயிறு, மாலை 7.05

குப்பையிலயும் போடாதீங்க, சாக்கடையிலயும் ஊத்தாதீங்கம்மா. இந்தப் பக்கம் வரும்போது என் கடையில கொடுத்துடுங்க. காலாவதி மருந்துப் பெட்டியோட சேர்த்து அழிக்க அனுப்பிடுறேன்.